சிரிப்பு மருந்து இல்லை. ஆனாலும் வீட்டில் ஒரு சிரிப்புப் புத்தகம் இருக்கணும்

1/ டாக்டரா இருந்துகிட்டு இதைச் சொல்றேன், அடிக்க வராதீங்க. வாய்விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகாது. சுகர் போகாது, பிரஷர் போகாது, தைராய்டு கண்டிப்பாகப் போகாது. "பீச்சில் லாஃபிங் கிளப்பில் சேர்ந்துட்டேன் டாக்டர், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று வருகிறவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். ஆனாலும் இந்தத் திரெட் முழுக்க சிரிப்புப் புத்தகங்களைப் பற்றித்தான். பெரியவங்களும் டீன் ஏஜ் பிள்ளைகளும் படிக்கக் கூடியவை. முதலில் ஏன் என்று சொல்லிட்டு, அப்புறம் லிஸ்ட். கொஞ்சம் நீளம்.

2/ "சிரிப்பே மருந்து" என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். முதுகெலும்பு மூட்டுகளில் கடும் வலி. மார்க்ஸ் சகோதரர்கள் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். 1976-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது, 1979-ல் புத்தகமாகவும் வந்தது. நல்ல புத்தகம். ஆனால் அது ஒரே ஒரு நோயாளியின் கதை. ஒருவரின் அனுபவத்தை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது.

3/ இன்னும் உறுதியாகத் தெரிந்த விஷயம் வேறு. ராபர்ட் ப்ரொவைன் என்ற ஆய்வாளர் மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனித்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட ஆள் இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு, நன்றாகச் சிரித்த பிறகு ஆட்கள் கொஞ்சம் அதிக வலியைத் தாங்குகிறார்கள் என்று காட்டியது. அங்கேயும் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் சிரிப்பு அதிகம்.

4/ அதாவது சிரிப்பு என்பது பக்கத்தில் இருக்கிற ஆளோடு சேர்ந்து செய்கிற காரியம். இப்போ உங்க வீட்டு ஹாலை நினைச்சுப் பாருங்க. நாலு பேர், நாலு போன், நாலு ரீல்ஸ். நாலு பேரும் சிரிக்கிறாங்க. யாரும் யாரோடும் சிரிக்கலை.

5/ நான் மயிலாப்பூர் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரே ரூமுக்குள் மூணு தலைமுறை வருவாங்க. தாத்தா ஒரு ஜோக் அடிப்பார். எனக்குச் சிரிப்பு வரும், அவர் மகளுக்கு வரும். பதினைந்து வயசுப் பேத்தி அம்மா முகத்தைப் பார்ப்பாள். அம்மா ஆங்கிலத்தில் விளக்குவாங்க. விளக்கி முடிக்கும்போது ஜோக் செத்திருக்கும். தாத்தாவும் அடுத்த தடவை அந்தப் பெண்ணிடம் ஜோக் அடிக்க மாட்டார். மாத்திரை, மார்க், சாப்டியா. அதோடு பேச்சு முடிஞ்சுது.

6/ என் கருத்து இதுதான். ஒரு மொழியின் இலக்கணத்தை ஸ்கூல் சொல்லித் தரும். திருக்குறளையும் சொல்லித் தரும். அந்த மொழியில் எப்படிக் கிண்டல் பண்றது, எப்படிக் கிண்டலை வாங்கிக்கிறது என்பதை வீடு மட்டும்தான் தர முடியும். வீட்டில் அது போச்சுன்னா வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் நாம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பது எல்லாம் முன்னேற்றப் புத்தகம். கோடீஸ்வரன் ஆவது எப்படி, நேரத்தை மிச்சம் பண்றது எப்படி. சிரிப்புப் புத்தகம் வாங்கினால் "டைம் வேஸ்ட்".

7/ தென்சென்னையில் இருந்துகிட்டு இப்படி இருப்பது இன்னும் வருத்தம். தமிழில் அச்சான நகைச்சுவையில் பெரும்பங்கு பிறந்தது நம்ம ஊர்ப் பத்திரிகைகளில்தான். 1928-ல் வாசன் ஆனந்த விகடனை வாங்கினார். அவர் பின்னால் நடத்திய ஜெமினி ஸ்டூடியோ பெயரில்தான் இன்னும் ஜெமினி மேம்பாலம் என்கிறோம். மயிலாப்பூரில் அல்லயன்ஸ் பதிப்பகம் 1901-லிருந்து இருக்கு. தி.நகரில் தெருவுக்கு ஒரு பதிப்பகம். புடவைக் கடை வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு புத்தகம் வாங்கிடலாம்.

8/ சரி, லிஸ்ட். முதல் இடம் தேவன். மகாதேவன் என்ற பெயர்தான் தேவன் ஆச்சு. 1913-ல் பிறந்தவர், விகடனில் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர், 1957-ல் 43 வயசிலேயே போய்ட்டார். அவருடைய 'துப்பறியும் சாம்பு'விலிருந்து ஆரம்பிங்க. 1940-களில் விகடனில் வந்த ஐம்பது கதைகள். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடியும். ஒரு கதைக்கு 20 நிமிடம் போதும்.

9/ சாம்பு ஒரு பாங்கி குமாஸ்தா. நாற்பது வயது வரை எல்லோரிடமும் முட்டாள் பட்டம் வாங்கினவர். தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். உளறுவார், உளறல் உண்மையாகிவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்து போவார். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன், காரணம் இருக்கு. எங்கே பார்த்தாலும் ரேங்க், கோச்சிங், கட்ஆஃப் என்று கேட்டு வளர்கிற பிள்ளை, திறமையே இல்லாத ஒருத்தர் மானமாக வாழ்வதைப் பார்த்துச் சிரிக்கட்டும். தோற்றால் உலகம் முடியாது என்று லெக்சர் கொடுப்பதைவிட அது நல்லா வேலை செய்யும்.

10/ இரண்டாவது, பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகள். எழுதியவர் குமுதத்தில் இருந்த ஜ.ரா.சுந்தரேசன். அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் புனைபெயர் வைத்துக்கொண்டவர், 2017-ல் காலமானார். சீதாப்பாட்டி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவார், பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவி. அப்புசாமித் தாத்தா பொடிக்கும் காசுக்கும் அலைவார். ஓவியர் ஜெயராஜ் வரைந்த படங்களைப் பார்த்தாலே பாதிச் சிரிப்பு வந்துடும்.

11/ இதில் எனக்குப் பிடித்தது, வயசானவங்க இங்கே நோயாளிகளாக வருவதில்லை. சண்டை போடுறாங்க, ஏமாத்துறாங்க, பொறாமைப்படுறாங்க, கல்யாண வயசுப் பசங்க மாதிரி ஊடுறாங்க. தன் பாட்டியை "முட்டி வலி, ஞாபக மறதி" என்று மட்டும் பார்க்கிற பேரனுக்கு இது ஒரு நல்ல கண்ணாடி. ஒரே ஒரு எச்சரிக்கை: ஹெர்னியா, சிசேரியன் மாதிரி வயிற்று ஆபரேஷன் ஆகி முதல் வாரம் இதைப் படிக்காதீங்க. தையல் போட்ட இடத்தில் சிரிப்பு உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பக்கத்திலேயே இருக்கட்டும். சிலருக்குச் சிரிப்பே இழுப்பைக் கிளப்பும்.

12/ இந்த இடத்தில் பெண்களிடம் ஒன்று சொல்லணும். சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்பதற்காக அடக்கிக்கொண்டு சிரிக்கிற, கூட்டத்தில் சிரிக்கவே பயப்படுகிற அம்மாக்கள் நிறைய பேர். பிரசவத்துக்குப் பிறகோ மாதவிலக்கு நின்ற பிறகோ ஆரம்பிக்கும். "வயசானா அப்படித்தான்" என்று யாரிடமும் சொல்ல மாட்டாங்க. அது அப்படித்தான் இல்லை. இடுப்புத்தள தசைகளுக்குப் பயிற்சி இருக்கு. சரியாகக் கற்றுக்கொண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்தால் நிறைய பேருக்கு நல்ல முன்னேற்றம் வரும். தயவு செய்து டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்க.

13/ மூன்றாவது, கிரேசி மோகன். பையன்கள் 'மைக்கேல் மதன காமராஜன்' வசனத்தை மீம் போட்டுச் சுத்துறாங்க. 1990-ல் வந்த படம், இவங்க பிறக்கறதுக்கு முன்னாடி. எழுதினவர் கிண்டியில் இன்ஜினியரிங் படித்த மயிலாப்பூர்க்காரர் என்று சொல்லிப் பாருங்க. 2019-ல் காலமாகிற வரைக்கும் நாடகம் எழுதினார். மாது, சீனு, கதாநாயகி எப்போதும் ஜானகி. அவர் நாடகங்கள் புத்தகமாகவும் கிடைக்குது. வீட்டில் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்து வாசிச்சுப் பாருங்க. வார்த்தை விளையாட்டு காதில் விழுந்தால்தான் புரியும், தமிழ் தடுமாறுகிற பிள்ளையும் இரண்டு பக்கத்தில் வேகம் பிடிச்சுடும்.

14/ நான்காவது பெரியவங்களுக்கு: எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வக்கீல். முதலில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர், 1930-களில் விகடனில் தமிழுக்கு வந்தார். 'உல்லாஸ வேளை' தேடிப் பிடிங்க. புருஷன் பெண்டாட்டி பேச்சு, சம்பந்தி பேச்சு, கடன் கேட்கிறவன் பேச்சு. பெரிய சம்பவம் ஒன்றும் நடக்காது. நம்ம வீட்டில் நேற்று நடந்த வாக்குவாதத்தை 90 வருஷம் முன்பே ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறார் என்று தெரியும்போது கோபம் பாதியாகக் குறையும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ருசிக்கும். பதினாறு வயசுக்குக் கொஞ்சம் போர் அடிக்கலாம்.

15/ ஐந்தாவது, சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. பாட்டி வீட்டில் வளர்கிற பையன், தெருக் கிரிக்கெட், கோயில், ஊர் விசித்திரங்கள். சயின்ஸ் ஃபிக்‌ஷன் சுஜாதாவை மட்டும் தெரிந்தவர்களுக்கு இது வேறு சுஜாதா. சிரிச்சுக்கிட்டே போகும்போது சில கதைகள் நெஞ்சில் குத்தும். 13 வயசிலிருந்து யாரும் படிக்கலாம்.

16/ இதுவரை சொன்னதில் ஒரு குறை இருக்கு, நானே சொல்லிடறேன். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தெரு. அக்ரஹாரத்து வீடு, காபி, பெஞ்சு, வெற்றிலைப் பெட்டி. இதோடு நிறுத்தினால் தமிழ்ச் சிரிப்பே இவ்வளவுதான் என்று பிள்ளை நினைச்சுக்கும். அதனால் அடுத்த இரண்டும் கட்டாயம்.

17/ கி.ராஜநாராயணன். இடைசெவல்காரர், 1923-ல் பிறந்து 2021-ல் காலமானார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி விருது. கரிசல் காட்டு விவசாயி வெயிலையும் வறட்சியையும் தன்னையுமே கேலி பண்ணுகிற விதம் மயிலாப்பூர்க் கேலியிலிருந்து முழுசாக வேறு. அவர் சேகரித்த நாட்டுப்புறக் கதைகளை வீட்டில் சத்தமாக வாசிங்க. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற தொகுப்பு மட்டும் மேல் ஷெல்ஃபில் இருக்கட்டும். தலைப்பு விளையாட்டுக்கு வைத்தது இல்லை!

18/ அ.முத்துலிங்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் பிறந்தவர், ஐ.நா. வேலையில் ஆப்பிரிக்கா எல்லாம் சுற்றி, கனடாவில் வாழ்கிறார். 'அங்கே இப்ப என்ன நேரம்?' கட்டுரைகள், 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' நாவல். குரலே உயர்த்தாமல் சிரிக்க வைப்பார். அடையாரில் தாத்தா பாட்டி, டொரண்டோவில் பேரப்பிள்ளை என்று இருக்கிற வீடுகளுக்கு வீடியோ காலில் வாசிக்க ஏற்ற புத்தகம். ஊரை விட்டுப் போனவர்கள் படும் பாட்டைப் பார்த்து இரண்டு பக்கமும் சேர்ந்து சிரிக்கலாம்.

19/ "எங்க பையனுக்குத் தமிழ் படிக்கவே வராதே டாக்டர்?" பரவாயில்லை, படத்திலிருந்து ஆரம்பிங்க. கோபுலுவின் வசனமே இல்லாத ஜோக்குகளுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. மதனின் ரெட்டைவால் ரெங்குடுவுக்கு ஒரு வரி படித்தால் போதும். அப்புறம் சிவகாசியிலிருந்து வரும் லயன்–முத்து காமிக்ஸில் லக்கி லூக். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற கௌபாய் தமிழ் பேசுவதைப் பார்த்தால் எழுத்துக்கூட்டியாவது படிப்பான்.

20/ ஆங்கிலம்தான் வரும் என்றால் ஆங்கிலத்திலேயே இரண்டு. ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்', 1889. ஆரம்பத்திலேயே ஒருத்தர் லைப்ரரியில் மருத்துவப் புத்தகத்தைப் புரட்டி, அகர வரிசைப்படி எல்லா நோயும் தனக்கு இருப்பதாக முடிவு பண்ணுவார். இல்லாதது ஒன்றே ஒன்று: மண்டியிட்டுத் தரை துடைப்பவர்களுக்கு வருகிற முழங்கால் வீக்கம். அது மட்டும் ஏன் தனக்கு வரலை என்று வருத்தம் வேற. டாக்டர் எழுதித் தருகிற சீட்டில் சாப்பாடு, நடை, நேரத்துக்குத் தூக்கம், புரியாத விஷயத்தை மண்டையில் ஏத்திக்காதே. கூகுள் பார்த்துட்டு கிளினிக்குக்கு வருகிற எல்லோருக்கும் இந்த அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க ஆசை.

21/ இன்னொன்று நம்ம அசோகமித்திரன் ஆங்கிலத்தில் எழுதிய 'மை இயர்ஸ் வித் பாஸ்'. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த அனுபவம். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் 'போயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்' என்று பாடம் வருதே, அது இதிலிருந்து எடுத்ததுதான். பரீட்சைக்குக் கேள்வி பதிலாகப் படித்த பிள்ளைக்கு அது ஒரு காமெடி என்றே தெரியாது. ஸ்டூடியோ லாரி லாரியாக வாங்கிய மேக்கப் சாமானின் பெயர்தான் பான்கேக். பாடமாக இல்லாமல் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்க.

22/ பதினெட்டு தாண்டியவர்களுக்கும், மெடிக்கல் சீட் கனவில் இருக்கிற வீடுகளுக்கும்: ஆடம் கே எழுதிய 'திஸ் இஸ் கோயிங் டு ஹர்ட்', 2017. இங்கிலாந்தில் பிரசவ வார்டில் வேலை பார்த்த ஜூனியர் டாக்டரின் டைரி. கெட்ட வார்த்தையும் ரத்தமும் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு, முடிவில் சிரிப்பு நின்றுவிடும். நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் பெற்றோர் படிக்கணும் என்பேன்.

23/ "பழைய புத்தகத்தில் பொம்பளை, குண்டு, திக்குவாய், வேலைக்காரின்னு கேலி இருக்கே?" இருக்கு. எஸ்.வி.வி. முதல் நாடக வசனம் வரை இருக்கு. மறைக்க வேண்டாம். உங்க பெண் "இதுல என்ன சிரிப்பு?" என்று நிறுத்திக் கேட்டால், அந்தப் பக்கத்தில் பத்து நிமிடம் பேசுங்க. யாரைக் கேலி பண்ணலாம், யாரைக் கூடாது என்ற பேச்சு வேறு எந்தப் புத்தகத்தில் வரும்? குடும்ப வாட்ஸப் குரூப்பில் வருகிற பெண்டாட்டி ஜோக்குக்கு யாரும் நிறுத்திக் கேட்கிறதே இல்லையே.

24/ எப்படிப் படிப்பது? மருந்துச் சீட்டு பாஷையில் சொன்னால் 0-0-1. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், ஒரு கதை, ஒருத்தர் சத்தமாக வாசிக்கணும். 20 நிமிடம் போன் வேறு ரூமில். புரியாத வார்த்தைக்கு நிறுத்தி அர்த்தம் சொல்லாதீங்க, அவங்க கேட்டால் சொல்லுங்க. "நல்லா இருந்துதா, என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்கவே கேட்காதீங்க. அவங்களுக்குச் சிரிப்பு வரலைன்னா புத்தகத்தை மாத்துங்க, பிள்ளையைத் திட்டாதீங்க.

25/ இதில் ஒரு டாக்டராக எனக்கு இருக்கிற சுயநலம் என்ன தெரியுமா? தினமும் சேர்ந்து சிரிக்கிற வீட்டில், ஒருத்தர் சிரிப்பதை நிறுத்தினால் உடனே தெரியும். முன்னாடி ரசித்தது எதுவும் இப்போ ரசிக்கலை, தூக்கம் மாறுது, பேச்சு குறையுது, இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருக்கு என்றால் அது "மூட் அவுட்" இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம், டீன் ஏஜ் பிள்ளைக்கும் வரும், தாத்தாவுக்கும் வரும். அதற்குச் சிரிப்புப் புத்தகம் வைத்தியம் ஆகாது. சிகிச்சை இருக்கு, டாக்டரைப் பாருங்க. டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம்.

26/ எங்கே கிடைக்கும்? மயிலாப்பூரில் அல்லயன்ஸ், தி.நகர் பதிப்பகங்கள், லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகங்கள். ஜனவரி என்றால் புத்தகக் காட்சி. காசு செலவு பண்ண வேண்டாம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், அடையாரிலிருந்து பத்து நிமிடம். 2010-லிருந்து நமக்காகத் திறந்து கிடக்கு. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்.

27/ மொத்தத்தையும் வாங்க வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒரு சாம்பு கதை. வீட்டிலேயே பெரியவங்க யாரோ அவங்க வாசிக்கட்டும், கண்ணாடி போட்டுக்கிட்டு, மெதுவாக. பிள்ளைங்க முதல் நாள் முகத்தைச் சுளிப்பாங்க. மூணாவது கதையில் தாத்தா சிரிக்க ஆரம்பிச்சு, சிரிப்பில் மேலே வாசிக்க முடியாமல் நிற்பார் பாருங்க, அப்போ புத்தகத்தைப் பிடுங்கி அடுத்த வரியை யார் படிக்கிறாங்கன்னு மட்டும் கவனிங்க.